கலிபோர்னியாவில் எதிரி, சென்னையில் சொந்தக்காரர்: காதுக்குள் கேட்கும் குரலுக்கும் ஊர் உண்டு, தெரியுமா?

ஒரே நோய். ஏறக்குறைய ஒரே மாத்திரைகள். ஆனால் அந்த நோய் வந்தவர் காதில் கேட்கிற குரல் மட்டும் ஊருக்கு ஊர் மாறுகிறது! கலிபோர்னியாவில் வெட்டு, குத்து, செத்துப்போ என்று உறுமுகிற குரல், சென்னைக்கு வந்தால் போய்க் குளி, சமையலைக் கவனி என்று அதட்டுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவுக்குப் போனால் பேசுவது சாட்சாத் கடவுளே!

நோயின் பெயர் மனச்சிதைவு. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி உலகத்தில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. மொத்தம் 2 கோடிக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு யாருமே பேசாதபோது பேச்சுக் கேட்கும். மனசுக்குள் ஓடுகிற நினைப்பு என்று தள்ளிவிட முடியாது. பக்கத்தில் நின்று ஒருவர் பேசுவதாகவே கேட்கும். திரும்பிப் பார்ப்பார்கள், பதில் சொல்வார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒருவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டு போனால், "பாவம், தானாப் பேசிக்கிட்டுப் போறாரு" என்கிறோம். நமக்குக் கேட்பது பாதிப் பேச்சுதான். மீதிப் பாதி அவருக்கு மட்டும் கேட்கிறது.

60 பேரிடம் ஒரே கேள்வி: யார் பேசறாங்க?

மருத்துவமனையில் வழக்கமாக என்ன கேட்பார்கள்? குரல் கேட்கிறதா, இல்லையா, எத்தனை நாளாக? அதோடு சீட்டு எழுதிவிடுவார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மானுடவியலாளர் டான்யா லூர்மன் கொஞ்சம் உட்கார்ந்து கேட்க நினைத்தார். பேசுவது யார்? தெரிந்தவரா? என்ன சொல்கிறார்? நீங்கள் பதில் பேசுவதுண்டா? எந்தக் குரல் ரொம்பப் படுத்துகிறது? பிடித்த குரல் ஏதாவது உண்டா? கடவுள் பேசியிருக்கிறாரா?

சென்னையின் ஸ்கார்ஃப் மனநல நிறுவனத்திலிருந்து ஆர். பத்மாவதியும் ஹேமா தரூரும், கானாவின் அக்ராவிலிருந்து அக்வாசி ஓசேயும் அவரோடு சேர்ந்தார்கள். கலிபோர்னியாவின் சான் மாட்டியோவில் 20 பேர், அக்ராவில் 20 பேர், சென்னையில் 20 பேர். எல்லாரும் கடுமையான மனநோயோடு குரலும் கேட்பவர்கள். முடிவுகள் 2015-ல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் அச்சாயின.

ஸ்கார்ஃப் யார் ஆரம்பித்தது தெரியுமா? இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப்படும் சாரதா மேனன்! கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக நீண்ட காலம் இருந்து ஓய்வு பெற்றவர், சும்மா இருக்காமல் 1984-ல் இதைத் தொடங்கினார். 1992-ல் பத்மபூஷண். 2021 டிசம்பரில் 98 வயதில் காலமானார்.

அந்த 60 பேர் சொன்னதற்கு வருவோம். அமெரிக்கர்களில் ஒருவர்கூட, ஒரே ஒருவர்கூட, என் குரல்களோடு இருப்பது பெரும்பாலும் நல்ல அனுபவம்தான் என்று சொல்லவில்லை! அவர்கள் பேச்சில் போர் வந்தது, சித்திரவதை வந்தது. பேசுவது யாரென்றே பலருக்குத் தெரியவில்லை. கேட்பதற்கு முன்பே 'எனக்கு மனச்சிதைவு, மூளைக் கோளாறு' என்று நோயின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். அக்ராவிலோ பாதிப்பேர் நல்ல அனுபவம்தான் என்றார்கள். கடவுள் பேசுகிறார், கெட்ட குரல்களைக் கண்டுகொள்ளாதே என்று அவரே சொல்லியும் விடுகிறார்!

சென்னையில்தான் வேடிக்கை. பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பேசியது சொந்தக்காரர்கள்! பெற்றோர், கூடப் பிறந்தவர்கள் என்று குடும்பமே காதுக்குள். புத்தி சொல்கிறார்கள், திட்டுகிறார்கள், வீட்டு வேலை ஏவுகிறார்கள். இதே ஆய்வைச் சேலத்திலோ நாமக்கல்லிலோ யாராவது நடத்தினால் குரல் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து பார்த்தேன். "ஏங்கண்ணு, வெயில் ஏறிப்போச்சு, இன்னும் குளிக்காம என்ன பண்ற?" என்று அம்மாயி கேட்பதாகத்தான் தோன்றுகிறது.

உடனே நம்ம ஊர்க் குரல் தங்கமான குரல் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். சென்னையிலும் கேவலமாகப் பேசும் குரல்கள் உண்டு; வெளியே சொல்லக் கூசுகிற பாலியல் பேச்சால் கூனிக் குறுகியவர்கள் உண்டு. மூன்று ஊரிலும் நல்லதும் கெட்டதும் கலந்தே இருந்தன. எது தூக்கலாக இருந்தது என்பதில்தான் வித்தியாசம்.

அனுமார் பேசினார்!

அந்தச் சென்னைப் பேட்டிகளில் ஒரு பெண். அவருக்குக் கேட்டது ஆஞ்சநேயர் குரல். ஆரம்பத்தில் அந்தக் குரல் சொன்னவை கேட்கவே அருவருப்பானவை. கழிப்பறைத் தண்ணீரைக் குடி என்கிற அளவுக்கு. நாளாக ஆக அதே குரல் விளையாட்டுத் துணையாகிவிட்டது. இரண்டு பேரும் வம்பளக்கிறார்கள், சீண்டிக்கொள்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ஒருவர் இதைப் படித்துவிட்டு என்ன நினைத்திருப்பாரோ! நாமக்கல்காரர் யாரும் ஆச்சரியப்பட மாட்டார். மேலே கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் 18 அடி உயரத்துக்கு, எதிரே இருக்கும் நரசிம்மரைப் பார்த்துக் கைகூப்பி நிற்கிறாரே, அவருக்கு மார்கழியில் 1,00,008 வடையில் மாலை சாத்துவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு ஆஞ்சநேயர் பரீட்சைக்குப் போகும்போது பேசிவிட்டுப் போகிற ஆள். மூளை கோளாறாகி ஒரு குரலை உண்டாக்கும்போது, கைக்கெட்டிய தூரத்தில் யார் இருக்கிறாரோ அவர் வாயில்தானே அதை வைக்கும்?

லூர்மன் சொல்லும் காரணமும் கிட்டத்தட்ட இதுதான். அமெரிக்கருக்கு மனசு என்பது பூட்டிய வீடு. உள்ளே ஒருவர் பேசினால் பூட்டை உடைத்துக்கொண்டு வந்த திருடன் என்றுதான் அர்த்தம். நம்முடையது திண்ணை வைத்த வீடு; சித்தப்பா வருவார், பக்கத்து வீட்டு அக்கா வருவார், குலதெய்வமும் வந்து உட்காரும். ராத்திரி வெளியே யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது தடவைக்குத்தான் ஏன் என்று கேட்கவேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஊர் நம்முடையது. பல்லி கத்தினால் பலன், கல்யாணத்துக்குப் பூப்போட்டுக் கேட்பது, நோய்க்குக் குறி கேட்பது. கண்ணுக்குத் தெரியாதவர் பேசுவார் என்பது இங்கே அதிர்ச்சிச் செய்தியே இல்லை! சங்கப் பாடல்கள் பேசும் கொல்லிப்பாவையை நினைத்துப் பாருங்கள். சிரித்தே ஆளைக் கொல்லுமாம் அந்தப் பாவை. இன்றைக்கும் கொல்லிமலைக்காரர்கள் எட்டுக்கை அம்மனைக் காட்டி, அவள்தான் இவள் என்பார்கள்.

சாமியாட்டமும் இதுவும் ஒன்றா?

இல்லவே இல்லை! ஆடி மாதம் சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குப் பம்பை அடிக்க ஆரம்பித்தால் ஒரு அம்மாவுக்கு அருள் வரும். திருநீறு கொடுத்து, எலுமிச்சம்பழம் வைத்து மலையேற்றினால் அடங்கிவிடும். மறுநாள் காலையில் அதே அம்மா இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருப்பார். அவருடைய சாமி நேரம் பார்த்து வருகிறது, ஊர் எதிர்பார்க்கும்போது வருகிறது, சொன்னால் போகிறது. மனச்சிதைவுக் குரல் திருவிழாவுக்குக் காத்திருக்காது. நடுராத்திரி இரண்டு மணிக்கும் வரும், வேலைக்குப் போன இடத்திலும் வரும். தூக்கம் போகும், சாப்பாடு போகும், குளிக்கத் தோன்றாது, ஆட்களைக் கண்டால் சந்தேகம் வரும். முனி அடிச்சிருச்சு, யாரோ செய்வினை வச்சுட்டாங்க என்று முனியப்பனுக்குக் கிடா வெட்டி, தாயத்துக் கட்டி, கோழி சுற்றிப்போட்டுத் தள்ளிப்போடும் மாதங்களில்தான் நோய் வேரூன்றுகிறது. கிடா வெட்டுவதில் எனக்கு ஒன்றுமில்லை. கறி சாப்பிட்ட கையோடு டாக்டரையும் பார்த்துவிடலாமே!

ஊர் மட்டுமா? காலம் மாறினாலும் குரல் மாறும்!

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு மருத்துவமனையின் 1930-களின் பதிவேடுகளையும் 1980-களின் பதிவேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். தாத்தா காலத்துக் குரல்கள் கட்டளையிட்டாலும் பெரும்பாலும் பக்திமயம், ஒழுங்காக இரு என்கிற வகை. பேரன் காலத்துக் குரல்கள் நாசவேலை செய்யச் சொல்கின்றன. 50 வருஷத்தில் அதே ஊரில் குரல் கெட்டுப்போயிருக்கிறது!

இன்னும் பின்னால் போனால், 1810-ல் ஜான் ஹாஸ்லம் என்கிற லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் டில்லி மாத்யூஸ் என்ற நோயாளியைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ஒரு கும்பல் 'காற்றுத் தறி' என்ற ராட்சத இயந்திரத்தை வைத்துத் தன் மூளையை ஆட்டிப்படைக்கிறது என்பது மாத்யூஸின் நம்பிக்கை. கவனித்தீர்களா, தறி! இங்கிலாந்தில் மில்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. அப்புறம் ரேடியோ வந்தது, நோயாளிகளுக்கு ரேடியோ பேசியது. டிவி வந்தது, செய்தி வாசிப்பவர் தன்னைப் பற்றியே பேசினார். 'தி ட்ரூமன் ஷோ' சினிமா வந்த பிறகு, தன் வாழ்க்கையே கேமரா வைத்து எடுக்கும் நிகழ்ச்சி என்று நம்பியவர்களைப் பற்றி நியூயார்க் மருத்துவர் ஜோயல் கோல்டும் அவருடைய சகோதரரும் எழுதினார்கள்.

பிறவியிலேயே காது கேளாதவருக்கு இந்த நோய் வந்தால்? லண்டனில் ஜோவன்னா அட்கின்சன் செய்த ஆய்வு 2007-ல் வெளிவந்தது. அப்படிப்பட்ட சிலர் தங்களுக்குக் 'குரல்' வருவதாகச் சொன்னார்கள். துருவிப் பார்த்தால் அது சத்தம் இல்லை. சைகை காட்டும் கைகளும் அசையும் உதடுகளும் மங்கலாக மனக்கண்ணில்! அவரவர் பேசும் மொழியில்தான் நோயும் பேசுகிறது.

அந்தக் குரல் யாருடையது? உங்களுடையதேதான்!

இதைப் படித்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. 1940-களின் கடைசியில் லூயி கூல்ட் என்ற அமெரிக்க மருத்துவர், குரல் கேட்கும் ஒரு பெண்ணின் தொண்டை அருகே மைக் வைத்து ஒலியைப் பெருக்கிக் கேட்டார். காதுக்கே எட்டாத மெல்லிய முணுமுணுப்பு! குரல் இப்படிச் சொன்னது என்று அந்தப் பெண் சொன்னதும் மைக்கில் வந்ததும் ஒத்துப்போயின. அவர் உதட்டுக்குள் தானே பேசியதுதான் வேறொருவர் பேச்சாக அவருக்குக் கேட்டிருக்கிறது. 1993-ல் லண்டனில் மூளையைப் படமெடுத்தார்கள். குரல் கேட்கும் நேரத்தில் பேச்சை உருவாக்கும் பகுதியில் ரத்த ஓட்டம் கூடியிருந்தது. நாம் எல்லாருமே உள்ளுக்குள் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். 'இது என் பேச்சு' என்று முத்திரை குத்துகிற வேலையை மூளை செய்துவிடுகிறது. அந்த முத்திரை விழாமல் போனால், பேசியது வேறொருவர்.

வாயை ஆவென்று திறந்தால் குரல் நிற்குமா? சிரிக்காதீர்கள். 1987-ல் பீட்டர் பிக், மார்செல் கின்ஸ்போர்ன் இருவரும் இதைச் சோதித்தார்கள். 18 பேரில் 14 பேருக்கு வாயைத் திறந்தபோது குரல் நின்றது! வாய் விரிந்திருந்தால் உள்ளுக்குள் முணுமுணுக்க முடியாதே. பின்னால் செய்த சோதனையில் இது அவ்வளவாக எடுபடவில்லை. வாயை மூடிக்கொண்டு மெட்டு முனகினால் குறைந்தது. மாத்திரைக்குப் பதில் முனகல் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், சாமி!

நோயே இல்லாதவர்களுக்கும் கேட்கும், தெரியுமா? நெதர்லாந்தில் 44 கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பிரபலமான கிறிஸ்துமஸ் பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். பிறகு வெறும் இரைச்சலைப் போட்டு, நடுவில் பாட்டுக் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றார்கள். பாட்டுப் போடவே இல்லை. மூன்றில் ஒருவர் பொத்தானை அழுத்தினார்! விசைத்தறி ஓடும் ஊரில் இருப்பவருக்கு இது புரியும். தறிச்சத்தத்துக்கு நடுவே யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதாகத் திரும்பிப் பார்க்காத நெசவாளர் உண்டா? மனச்சிதைவிலும் இப்படி ஒரு ரகம் உண்டு: குழாயில் தண்ணீர் கொட்டும்போது மட்டும், ஃபேன் ஓடும்போது மட்டும் குரல் வரும். குழாயை மூடினால் குரலும் நிற்கும்.

1971-ல் வெளியான ஆய்வு ஒன்றில் டெவி ரீஸ் என்ற மருத்துவர், வேல்ஸ் நாட்டுக் கிராமப்புறத்தில் துணையை இழந்த 293 பேரைப் பார்த்தார். கிட்டத்தட்ட பாதிப்பேர், இறந்தவர் இன்னும் கூடவே இருப்பதாக ஏதோ ஒரு வகையில் உணர்ந்திருந்தார்கள். எட்டில் ஒருவருக்குப் பேச்சே கேட்டது. பெரும்பாலோர் அதை யாரிடமும் மூச்சுவிடவில்லை.

வீட்டுக்காரர் வாய், நோயாளியின் விதி

1960-களின் பிற்பகுதியில் உலக சுகாதார நிறுவனம் 9 நாடுகளில் மனச்சிதைவு நோயாளிகளைப் பின்தொடர ஆரம்பித்தது. லண்டன், வாஷிங்டன், மாஸ்கோ வரிசையில் நம்ம ஆக்ராவும் இருந்தது. பணக்கார நகரங்களைவிட ஆக்ரா, நைஜீரியாவின் இபாடான், கொலம்பியாவின் காலி ஆகிய இடங்களில் நோயாளிகள் நன்றாகத் தேறியிருந்தார்கள்! ஏன் என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. சென்னையில் 1981-ல் தொடங்கி, முதல்முறை நோய் வந்த 90 பேரை மனநல மருத்துவர் தாராவின் குழுவினர் வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். பத்து வருஷம் கழித்து, விடாமல் நோயோடே இருந்தவர்கள் மிகச் சிலர்தான்.

வீட்டில் நச்சரிப்பும் கரிப்பும் அதிகமானால் நோய் திரும்புகிறது என்பதை முதலில் லண்டனில் கண்டுபிடித்தார்கள். அதே அளவுகோலை எடுத்துக்கொண்டு சண்டிகருக்கு வந்து பார்த்தால், அப்படிக் கரிக்கும் சொந்தக்காரர்கள் இங்கே குறைவு! ஆனால் குடும்பம் என்றாலே பால்பாயசம் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். மனச்சிதைவு வந்ததால் புருஷன் விட்டுப் போன பெண்களைப் பற்றியும் ஸ்கார்ஃப்தான் ஆய்வு செய்திருக்கிறது. பெற்றவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள், நமக்குப் பிறகு இவளுக்கு யார் என்ற கவலையோடு.

கோயிலில் தங்கினால் குணமாகுமா? இதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள்! தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்கிற கிராமத்து முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரைப் பெங்களூரு மருத்துவர் ரகுராம் குழு பரிசோதித்தது. 23 பேருக்கு மனச்சிதைவு. மருந்து இல்லை, மந்திரிப்பு இல்லை. காலையில் கால் மணி நேர பூஜை, அப்புறம் கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. கூடவே வீட்டு ஆள் ஒருவர். தங்கியது சில வாரங்கள். நோய்க்குறி மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது! 2002-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த செய்தி இது. மிகச் சிறிய ஆய்வு, ஒப்பிட வேறொரு குழுவும் இல்லை. இதை வைத்து மருந்தைத் தூக்கிப் போடுவது முட்டாள்தனம். கூட ஆள் இருப்பதும், திட்டாமல் ஒரு வேலை கொடுப்பதும் சும்மா இல்லை என்பதற்கு மட்டும் அது சாட்சி.

நாமக்கல்லில் இருந்து முசிறி வழியாகத் திருச்சி பஸ் ஏறினால் காவிரிக்கரையில் குணசீலம் வரும். பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் மனநோயாளிகளை ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கவைப்பார்கள். உச்சிக்கால பூஜை முடிந்ததும் வரிசையாக உட்காரவைத்து முகத்தில் பளீரென்று தீர்த்தம் அடிப்பார்கள். சிலர் கண்ணை மூடிக்கொள்வார்கள், சிலர் திடுக்கிட்டுக் கத்துவார்கள். ராத்திரி பூஜைக்கும் அதேபோல. இப்போது அங்கே அரசு உரிமம் பெற்ற மறுவாழ்வு மையமும் உண்டு, டாக்டரும் வருகிறார், மாத்திரையும் உண்டு.

இந்த உரிமம் வந்த கதை கொடியது. 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவை நம்பி வந்தவர்களைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. 28 பேர் கருகினார்கள். ஓட முடியவில்லை, கால் கட்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் நாடு முழுக்க இப்படிப்பட்ட இடங்களைச் சோதித்தார்கள். 2017-ம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலி போடக்கூடாது என்கிறது. ஏர்வாடியிலேயே பின்னாளில் துவாவும் மருந்தும் சேர்ந்து கிடைக்க ஏற்பாடு செய்தார்கள்.

குரலுக்கு முகம் வரைந்தார்கள்!

கடைசியாக ஒன்று. லண்டனில் ஜூலியன் லெஃப் என்ற மருத்துவருக்கு ஒரு யோசனை. உன்னைத் திட்டுகிற குரலுக்கு முகம் எப்படி இருக்கும் என்று நோயாளியிடமே கேட்டு, கம்ப்யூட்டரில் அந்த முகத்தை வரைவது. பக்கத்து அறையில் இருந்து மருத்துவர் அந்த முகத்தின் வாயால் திட்டுவார். நோயாளி எதிர்த்துப் பேசிப் பழகுவார். கொஞ்சம் கொஞ்சமாக அந்த முகம் பணிந்து போகும். 150 பேரிடம் செய்த சோதனையின் முடிவு 2018-ல் வந்தது: 12 வாரத்தில் குரலின் தொல்லை, வழக்கமான ஆலோசனை பெற்றவர்களைவிட நன்றாகக் குறைந்திருந்தது! குரலோடு பேசு, பேரம் பேசு என்பது இப்போது அங்கே சிகிச்சை. சென்னையில் சிலர் அதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்துகொண்டிருந்தார்கள், மாத்திரையையும் போட்டுக்கொண்டு.

வீட்டில் யாருக்காவது இப்படிக் குரல் கேட்பதாகத் தெரிந்தால், அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று சண்டை போடாதீர்கள்; அவருக்குக் கேட்பது நிஜமாகவே கேட்கிறது. யார் பேசுகிறார், என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். உன்னையோ வேறு யாரையோ ஏதாவது செய்யச் சொல்கிறதா என்பதை முக்கியமாகக் கேளுங்கள். ஆமாம் என்றால் அன்றைக்கே கிளம்ப வேண்டும். சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற இலவச எண்ணில் 24 மணி நேரமும், தமிழிலேயே, ஆலோசனை கிடைக்கும்.